கார்பைன் பத்தி எழுதுறப்ப பேரல் நீளத்தையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நவீன ராணுவ கார்பைன் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. படம் பெருசா நல்லா இருந்துச்சு. ஆனா உள்ள படிச்சா, ரைஃபிளோட பேரலை கொஞ்சம் வெட்டினா கார்பைன், எடை கம்மி, மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்னு ஒரே வரில முடிச்சுட்டு மிச்ச இடம் பூரா நிமிஷத்துக்கு எத்தன குண்டு போகும், எத்தன மீட்டர் பாயும்னு கம்பெனிக்காரன் நோட்டீஸ்ல இருக்கறத அப்படியே எறக்கி வச்சிருக்கீங்க. நான் பட்டாளத்துல இருந்தவன் இல்ல, டீசல் இன்ஜின் வேல பாத்து ரிடயர் ஆனவன், துப்பாக்கிய விட அதுக்குள்ள நடக்கற மெக்கானிசம் மேலதான் எனக்கு பல வருஷமா கிறுக்கு. அந்த "மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்"கற வார்த்தைதான் என்ன பேனா எடுக்க வச்சுது. இன்ஜின்ல கனெக்டிங் ராடை மட்டும் குட்டையாக்கிட்டு மத்ததெல்லாம் பழையபடி ஓடும்னு ஒருத்தன் சொன்னா நான் அவன வொர்க்‌ஷாப் உள்ளயே விட மாட்டேன். பேரலை வெட்டுனாலும் அதே கததான். கடந்த 60 வருஷ கார்பைன் வரலாறே, வெட்டுன அந்த சில இன்ச்சுக்கு வட்டி கட்டுன வரலாறுதான்னு நான் நெனைக்கறேன்.

மொதல்ல பேரு. குதிரை மேல உக்காந்து நீள துப்பாக்கிய சமாளிக்க முடியாதுன்னு குதிரைப்படைக்கு குட்டையா செஞ்சதுதான் கார்பைன், இதுவரைக்கும் உங்க கட்டுரை சரி. ஆனா அதுக்கப்புறம் அந்த பேரு ஊரூரா சுத்தி கெட்டுப்போச்சு. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் கைல இருந்த 98கே-வுக்கு பேரே காராபீனர்தான், நீளம் 1,110 மிமீ, இன்னைக்கு அளவுக்கு அது ஒரு ஒலக்கை. அதே காலத்துல பிரிட்டிஷ்காரன் பிஸ்டல் குண்டு போட்டு சுடற ஸ்டென் கன்னுக்கு மெஷின் கார்பைன்னு பேர் வச்சான். ஜெர்மன்ல பிற்பாடு ஸ்டுர்ம்கெவேர் 44-ன்னு ஆன துப்பாக்கியும் ஆரம்பத்துல மஷீனன்காராபீனர்தான். அதனால பேர பாத்து ஒண்ணும் தெரியாது, உள்ள என்ன குண்டு போகுது, எவ்வளவு நீள பேரல் வழியா வெளிய வருதுன்னு பாத்தாதான் தெரியும்.

இதுல அமெரிக்காவோட எம்1 கார்பைன் ஒண்ணுதான் கடன் வாங்காம பொழச்சதுன்னு எனக்கு தோணும். 1941-ல ஏத்துக்கிட்டாங்க. முன்னணில நின்னு சுடறவனுக்கு இல்ல, மோர்ட்டார் தூக்கறவன், வண்டி ஓட்டறவன், ஆபீசர், சிக்னல்காரன், இவங்களுக்கு பிஸ்டலை விட உருப்படியா ஒண்ணு வேணும்னு கேட்டு செஞ்சது. ரைஃபிளை வெட்டல, புதுசா சின்ன தோட்டா ஒண்ணு செஞ்சு அதுக்கேத்த மாதிரி 18 இன்ச் பேரலோட துப்பாக்கிய அடிலேர்ந்து கட்டுனாங்க. எடை சுமார் 2.4 கிலோ, அப்ப பெரிய ரைஃபிளா இருந்த காரண்ட் 4.3 கிலோ. 60 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, காரண்டை விட அதிகம். அதுல, சுடறப்ப வர்ற கேஸ் தட்டுனா கொஞ்சமா நகர்ந்து மெக்கானிசத்த ஓட்டற குட்டை ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு சொந்தக்காரர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ், கொலை கேஸ்ல உள்ள போயி ஜெயில்லயே துப்பாக்கி மெக்கானிசம் யோசிச்ச ஆளு. (மொத்த கார்பைனையும் அவர் ஒருத்தரே செஞ்சார்னு கதைய ஊதிவிட்டாங்க, அது வின்செஸ்டர் கம்பெனி டீம் வேல, இவர் பங்கு அந்த பிஸ்டன்.) குண்டு சின்னது, வேகம் கம்மி, அதனால தூரம் போகாது, கொரியா குளிர்ல அது மேல நெறைய புகார் வந்துச்சு. ஆனா அது என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு மொதல்லயே தெரிஞ்சு செஞ்ச பொருள்.

இப்ப இருக்கற கார்பைன் அந்த ஜாதி இல்ல. இது பெரிய ரைஃபிளுக்குன்னு செஞ்ச தோட்டாவையே குட்டை பேரல்ல போட்டு சுடறது. சிக்கல் பூரா இங்கதான் ஆரம்பிக்குது.

அமெரிக்க ராணுவத்தோட எம்16 ரைஃபிளை எடுத்துக்கங்க. யூஜின் ஸ்டோனரோட டிசைன்ல 20 இன்ச் பேரல், அதாவது 508 மிமீ, அதுல 5.56 மிமீ தோட்டா. மருந்தோட அளவு, எரியற வேகம், மருந்து எரிஞ்சு வர்ற கேஸை கொஞ்சம் பிரிச்சு எடுக்கற ஓட்டை எங்க இருக்கணும், எல்லாமே அந்த நீளத்துக்கு கணக்கு பண்ணது. வியட்நாம்ல காட்டுக்குள்ளயும் ஹெலிகாப்டர்லயும் நீளம் இடிக்குதுன்னு பேரலை 10 இன்ச்சுக்கு வெட்டி எக்ஸ்எம்177-ன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. பாதி மருந்து பேரலுக்கு வெளிய வந்துதான் எரியுது போல, சுட்டா காது போற சத்தம், ராத்திரில முகத்துக்கு முன்னாடி தீப்பந்தம். அத அடக்கறதுக்கு முனைல ஒரு நீளமான குழாய் மாட்டுனாங்க, மாடரேட்டர்னு பேரு, அதுவும் பத்தாம பின்னாடி பேரலை 11.5 இன்ச்சுக்கு நீட்டுனாங்க. வெட்டுனத விட மாட்டுனது நீளமாகிடும் போல இருக்கேன்னு அப்பவே யாராவது சிரிச்சிருப்பாங்க.

சோவியத்காரனும் இதே குழில விழுந்தான். ஏகே-74 பேரல் 415 மிமீ, அத பாதியாக்கி 206.5 மிமீ-ல ஏகேஎஸ்-74யு-ன்னு 1979-ல டாங்க் ஓட்டறவனுக்கும் ஹெலிகாப்டர்காரனுக்கும் குடுத்தான். மடிச்சா 490 மிமீதான், பாக்க பொம்மை மாதிரி அழகா இருக்கும். ஆனா குண்டு வேகம் வினாடிக்கு 900 மீட்டர்லேர்ந்து 735-க்கு எறங்கிடுச்சு, பேரல் உள்ள கேஸ் அழுத்தம் நிக்க மாட்டேங்குதுன்னு முனைல உருண்டையா ஒரு அறைய மாட்டி அழுத்தத்த புடிச்சு வைக்க வேண்டியதாச்சு, குண்டு நேரா போறதுக்கு பேரல் உள்ள அத சுத்த விடற முறுக்கு வரியையும் மாத்துனாங்க. பின்னாடி அவங்களே ஏகே-105-ல 314 மிமீ-க்கு ஏறி வந்துட்டாங்க. இதையெல்லாம் ஒரு வரில "எல்லாம் ஒண்ணுதான்"னு எப்படி சார் எழுதுறது?

இனி எம்4. உங்க கட்டுரையோட நாயகன் அதுதான். 1994-ல அமெரிக்க ராணுவத்துக்குள்ள வந்துச்சு, பேரல் 14.5 இன்ச், 368 மிமீ. எம்16-ஐ விட கம்மியானது 140 மிமீ, ஒரு சாண் கூட இல்ல. அந்த ஒரு சாணுக்கும் குறைவான துண்டுக்கு என்ன வெலை ஆச்சுன்னு சொல்றேன், இத கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா எனக்கு புடிச்ச எடம் இது.

இந்த துப்பாக்கில அடுத்த தோட்டா தானா ஏர்றதுக்கு, குண்டு பேரல்ல போயிக்கிட்டிருக்கும்போதே வழில இருக்கற சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் கேஸ் பிரிஞ்சு ஒரு குழாய்ல பின்னாடி வந்து போல்டை (தோட்டா அறைய பின்னாடி மூடற துண்டு) தூக்கிக்கிட்டு இருக்கற கேரியரை தள்ளும். எம்16-ல அந்த ஓட்டை, தோட்டா உக்கார்ற அறைலேர்ந்து சுமார் 13 இன்ச் தள்ளி இருக்கு. எம்4-ல 8 இன்ச்சுக்குள்ளயே இருக்கு. அறைக்கு கிட்ட போகப்போக கேஸ் அழுத்தமும் சூடும் அதிகம். இன்ஜின் வேல தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரில சொல்லணும்னா வால்வ் டைமிங் முன்னாடி வந்துடுச்சு. சிலிண்டர்ல அழுத்தம் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வ் தெறந்தா என்ன ஆகும்? அதேதான். காலி தோட்டா இன்னும் வீங்கி அறை சுவத்த புடிச்சுக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள போல்ட் திரும்பி அத புடுங்க பாக்குது. புடுங்கற கொக்கி வழுக்குது, ஸ்ப்ரிங் சோர்ந்துபோகுது, போல்ட்ல இருக்கற பல்லு விரிசல் விடுது, எல்லாமே வேகமா ஓடறதால மேகசின் ஸ்ப்ரிங் அடுத்த தோட்டாவ மேல தள்ள நேரம் பத்தல. இதுக்கு என்ன செஞ்சாங்க? பின்னாடி கேரியர் வந்து மோதறத தாங்கற பஃபரை கனமாக்குனாங்க, கொக்கிக்கு அழுத்தமான ஸ்ப்ரிங் போட்டாங்க. வால்வ் டைமிங் தப்பா இருக்கறப்ப ஃப்ளைவீல்ல எடைய கூட்டுன மாதிரி. வேல செய்யுது, இல்லன்னு சொல்லல. ஆனா ஓட்டைய முன்னாடி தள்ளி வச்சா தீர்ற விஷயம், கடைசில 2018 வாக்குல அமெரிக்க சிறப்புப் படை அதே 14.5 இன்ச் பேரல்ல நடுத்தர நீள கேஸ் குழாய் போட்டு வாங்குனாங்க. இருபத்திச்சொச்சம் வருஷம் ஆச்சு சார் இதுக்கு.

அடுத்த வட்டி வேகம். 20 இன்ச்ல வினாடிக்கு சுமார் 950 மீட்டர் வேகத்துல வர்ற அதே குண்டு 14.5 இன்ச்ல சுமார் 900, பத்து இன்ச் சுத்துல போனா 800-க்கு பக்கத்துல வந்து நிக்கும். வேகத்துல வினாடிக்கு 50 மீட்டர் கொறஞ்சா என்னன்னு கேக்கலாம். இந்த சின்ன குண்டோட வேலையே வேகத்தாலதான் நடக்குது, அத அமெரிக்க ராணுவ சர்ஜன் மார்ட்டின் ஃபாக்லர் 1980-கள்லயே ஆராய்ச்சி பண்ணி காட்டுனாரு. ஒரு வேகத்துக்கு கீழ போனா அது உள்ள உடையாம ஊசி மாதிரி துளைச்சுட்டு போயிடும். நீள பேரல்ல அந்த வேகம் நெறைய தூரத்துக்கு மிச்சம் இருக்கும், குட்டை பேரல்ல கொஞ்ச தூரத்துலயே தீந்துடும். 1993-ல மொகதிஷுல சண்டை போட்ட ஆட்கள்கிட்டேர்ந்து சுட்டாலும் ஆள் விழல்லன்னு புகார் வந்ததுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க. அதுக்கு பரிகாரமா 2010-ல எம்855ஏ1-னு புது தோட்டா வந்துச்சு, குட்டை பேரல்லயே எரிஞ்சு முடியற மாதிரி மருந்து, முனைல எஃகு, பின்னாடி செம்பு, ஈயம் கெடையாது. நல்ல தோட்டாதான். ஆனா அழுத்தம் கூடுச்சு, அழுத்தம் கூடுனதால போல்டும் பேரலும் இன்னும் சீக்கிரம் தேயுது. ஒரு ஓட்டைய அடைச்சா இன்னொண்ணு தெறக்குது பாருங்க.

மூணாவது சூடு. நீங்க பெரிய எழுத்துல போட்டிருந்த "நிமிஷத்துக்கு 900 குண்டு" பத்தி இங்கதான் பேசணும். மேகசின்ல இருக்கறது 30. அந்த வேகத்துல ரெண்டு செகண்ட்ல காலி. அப்பறம் மாத்தணும். எம்4-க்கு ராணுவ கையேடே தொடர்ந்து சுடறதுக்கு சொல்ற அளவு நிமிஷத்துக்கு 12-லேர்ந்து 15 வரைக்கும்தான். 900 எங்க, 15 எங்க! 2008 ஜூலைல ஆப்கானிஸ்தான்ல வனாட்ங்கற எடத்துல சின்ன முகாம் ஒண்ண விடியக்காலைல சுத்தி வளச்சாங்க, ஆரம்பத்துலயே கனரக ஆயுதங்கள் அடிபட்டுடுச்சு, மிச்சம் இருந்தவங்க எம்4-ஐ வச்சே அந்த குறைய சரிக்கட்ட வேண்டி வந்துச்சு, 9 பேர் செத்தாங்க. துப்பாக்கி சூடேறி நின்னுபோச்சுன்னு பொழச்சவங்க சொன்னாங்க. இதுக்காக எம்4 குப்பைன்னு எழுதுனவங்களும் உண்டு, நான் அப்படி சொல்ல மாட்டேன். மெஷின் கன் செய்ய வேண்டிய வேலைய மெல்லிசு பேரல்கிட்ட கேட்டா அது என்ன செய்யும், லோடு லாரி இழுக்கறத பைக்க வச்சு இழுத்தா பிஸ்டன் புடிக்கத்தான் செய்யும். பின்னாடி கனமான பேரல் வச்ச எம்4ஏ1-க்கு எல்லாத்தையும் மாத்த ஆரம்பிச்சாங்க. குறைச்ச எடைல கொஞ்சம் திரும்பி வந்துடுச்சு.

அதுக்கு முன்ன 2007-ல அமெரிக்க ராணுவத்தோட அபர்டீன் சோதனைக்களத்துல தூசி டெஸ்ட் ஒண்ணு நடந்துச்சு, நாலு ரக துப்பாக்கி, ரகத்துக்கு 10, ஒவ்வொரு ரகத்துக்கும் மொத்தம் 60,000 குண்டு. எம்4 சிக்கி நின்னது 882 தடவ, மத்த மூணும் பிஸ்டன் வச்ச ரகம், அதுல எச்கே416 (எம்4 சாயல்ல ஜெர்மன்காரன் செஞ்சது) 233, ஸ்கார் 226, எக்ஸ்எம்8 127. இந்த நம்பரை வச்சு பிஸ்டன் துப்பாக்கிதான் ஒசத்தின்னு எல்லாரும் எழுதுனாங்க, உங்க கட்டுரையும் அதத்தான் சொல்லுது. எனக்கு முழு சம்மதம் இல்ல. எச்கே416-ல கேஸ் பின்னாடி கேரியருக்குள்ள வராம முன்னாடியே ஒரு குட்டை ஸ்ட்ரோக் பிஸ்டனை தட்டும், அதனால உள்ள கரி கம்மி, சூடு கம்மி, 10 இன்ச் பேரல்ல கூட ஒழுங்கா ஓடுது, நார்வே 2007-லயே எடுத்தாங்க, பிரான்ஸ் 2016-ல தேர்ந்தெடுத்தாங்க, எல்லாம் உண்மை. ஆனா எடை கூடும், அதுவும் முன்பக்கத்துல கூடும், நாள் பூரா தூக்கறவன் கைக்குத்தான் அது தெரியும். ஸ்டோனர் டிசைன்ல எல்லா தள்ளலும் பேரலோட நேர்கோட்டுல நடக்கறதால துப்பாக்கி துள்ளாது, அந்த சுகம் பிஸ்டன்ல கொஞ்சம் போயிடும். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்.

பேரலை வெட்டாமலே துப்பாக்கிய குட்டையாக்க ஒரு வழி இருந்துச்சு, அத நீங்க தொடவே இல்ல. மெக்கானிசத்த தோளுக்கு பக்கத்துல, ட்ரிகருக்கு பின்னாடி தள்ளிடறது, புல்பப்னு சொல்லுவாங்க. ஆஸ்திரியாவோட ஸ்டேயர் ஏயூஜி 1977-லயே வந்துச்சு, முழு 508 மிமீ பேரல், மொத்த நீளம் 790 மிமீ. எம்4-ஓட ஸ்டாக்கை இழுத்து விட்டா 838, உள்ள தள்ளுனா 757. அதாவது எம்4 அளவுல எம்16 பேரல்! காகிதத்துல பாத்தா போட்டியே முடிஞ்சுது. அப்பறம் ஏன் பிரான்ஸ் தன்னோட புல்பப் ஃபமாஸை விட்டுச்சு, நியூசிலாந்து ஏயூஜி-ய விட்டுச்சு, சீனா கூட க்யூபிஇசட்-95 புல்பப்லேர்ந்து க்யூபிஇசட்-191-க்கு வந்து மேகசினை ட்ரிகருக்கு முன்னாடி வச்சுது? மேகசினை அக்குளுக்கு கீழ மாத்தணும், இடது தோள்ல வச்சா காலி தோட்டா மூஞ்சில அடிக்கும், ட்ரிகர்லேர்ந்து பின்னாடி வரைக்கும் நீள கம்பி போறதால ட்ரிகர் சொதசொதன்னு இருக்கும், ஆளுக்கு தகுந்த மாதிரி ஸ்டாக்கை நீட்டி குறைக்க முடியாது. கவச சட்டை போட ஆரம்பிச்சப்புறம் அந்த நீட்டி குறைக்கற ஸ்டாக் ரொம்ப பெரிய விஷயமாகிடுச்சு. எனக்கு புல்பப் மேல இன்னும் ஒரு பாசம் உண்டு, ஆனா தோத்தது தோத்ததுதான்.

மேல மாட்டற சாமான் கதைய சுருக்கமா சொல்லிடறேன். 1995-ல பிக்காட்டினி ரெயிலுக்கு (சாமான் மாட்டறதுக்கு பல்லு வெட்டுன பட்டை) ராணுவ ஸ்டாண்டர்டு வந்ததுலேர்ந்து, சிவப்பு புள்ளி வச்சு குறி பாக்கற ரெட் டாட், லைட்டு, லேசர், முன் கைப்பிடின்னு ஒவ்வொண்ணா ஏறி, இலேசா இருக்கணும்னு செஞ்ச பொருள் பழைய ரைஃபிள் எடைக்கே போயிடுச்சு. இப்ப சைலன்சரும் எல்லாருக்கும்னு வருது, அது 15 செமீ-க்கு மேல நீளம், அதுக்கு எடம் விடறதுக்காக பேரலை இன்னும் வெட்டறாங்க. சைலன்சர் அடைக்கற கேஸ் பின்னாடி திரும்பி சுடறவன் கண்ணுல வருது. மறுபடி மொதல்லேர்ந்து.

கடைசியா நீங்க "எதிர்கால கார்பைன்"னு சொன்ன சிக் சாவர் (SIG Sauer) கம்பெனியோட எக்ஸ்எம்7. 2022 ஏப்ரல்ல ஒப்பந்தம் போட்டாங்க. 13 இன்ச் பேரல்லயே வேகம் வேணும்னு 6.8 மிமீ தோட்டால அழுத்தத்த சதுர இன்ச்சுக்கு 80,000 பவுண்டு (பிஎஸ்ஐ) வரைக்கும் ஏத்திட்டாங்க, வெறும் பித்தளை தாங்காதுன்னு தோட்டாவோட அடிப்பாகத்த எஃகுல செஞ்சிருக்காங்க. சைலன்சரோட சுமார் 4.5 கிலோ. மேகசின்ல 20, ஒரு ஆள் தூக்கறது 140 குண்டு, எம்4-ல அது 210. மேல எம்1 கார்பைன் பத்தி சொன்னேனே, அது எந்த காரண்ட் கனமா இருக்குன்னு பொறந்துச்சோ அந்த காரண்டோட எடைக்கே 80 வருஷம் கழிச்சு வந்து நிக்கறோம். இத எதிர்காலம்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எடையையும் பக்கத்து பக்கத்துல போட்டிருந்தா வாசகரே முடிவு பண்ணியிருப்பாங்க.

அதனால என் கோரிக்கை இதுதான். இனிமே எந்த கார்பைன் பத்தி வந்தாலும் பேரல் நீளம், என்ன தோட்டா, மேகசின் நெறச்சு சாமான் மாட்டுன எடை, இந்த மூணையும் பெட்டிச்செய்தில போடுங்க. நிமிஷத்துக்கு எத்தனைங்கறத விட்டுடுங்க, இல்ல போட்டே ஆகணும்னா கையேட்ல இருக்கற தொடர் வேகத்தையும் பக்கத்துல போடுங்க.

இன்னொண்ணு, அந்த பெரிய படத்துக்கு கீழ எம்4-ன்னு போட்டிருந்தீங்க. அது எச்கே416. எம்4-ல பேரல் மேல குறி பாக்கறதுக்கு முக்கோணமா ஒரு முன் குறி ஆணியடிச்ச மாதிரி நிக்கும், உங்க படத்துல அது இல்ல, மடக்கற குறிதான் இருக்கு, மேல் ரெயிலும் பிஸ்டனுக்கு எடம் விட்டு ஒசந்து போகுது. வர்ற ஞாயித்துக்கிழமை திருத்தம்னு ஒரு ஓரத்துல சின்னதா போட்டுடுங்க.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக்கா இருந்து ரிடயர் ஆன உங்க ஞாயித்துக்கிழமை வாசகன்